மூன்று உலோகத்து டாலர்

பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நாகசுந்தரம் முதலில் செய்த காரியம் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டது. சித்திரை வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்டவனைப் பார்த்தால் காய்ச்சல்காரன் என்று நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். உள்ளே டாலர் கிடந்தது. சட்டைப் பையில் வைத்தால் கூட்டத்தில் எவனாவது உருவிவிடுவான், மஞ்சப்பையில் போட்டால் மாவடு பாட்டிலோடு உரசும், கைக்குட்டையில் முடிந்தால் வியர்வை துடைக்கும்போது அவிழ்ந்து விழும். இப்படி விடிகாலையிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்து, கடைசியில் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். முப்பத்து நான்கு வருஷம் கரண்டுக் கம்பத்தில் ஏறி இறங்கின மனுஷன். வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெறும்வரை உடம்பில் ஒரு பொட்டு உலோகம் வைத்தவரில்லை, கல்யாண மோதிரத்தையே மூன்றாம் நாள் கழற்றிப் பீரோவில் வைத்தவர். அந்த நெஞ்சில் இப்போது, கட்டைவிரல் நீளத்துக்கு, வெள்ளித் தண்டும் செம்புக் குறுக்குக் கையும் தலைக்கு மேலே முட்டை வடிவத்தில் பித்தளை வளையமுமாக ஒரு சாமான். மூன்று உலோகம். மாட்டியபோது ஜில்லென்று இருந்தது, மானாமதுரை தாண்டுவதற்குள் உடம்புச் சூடு ஏறி, இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை. அதனால் இரண்டு மைலுக்கு ஒரு தரம் சட்டைக்கு மேலே கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டார். இருந்தது. மகளுடைய சாமான், மகளிடம் போய்ச் சேர வேண்டும், தன் கையாலேயே போய்ச் சேர வேண்டும். இடையில் எங்கேயும் இறங்குவதில்லை என்று டிக்கெட்டையும் நேராக மகள் வேலை பார்க்கிற இடத்துக்கே வாங்கிவிட்டார்.

பஸ் ஊரைத் தாண்டியதும் கம்பங்கள் வர ஆரம்பித்தன. மற்றவர்கள் ஜன்னல் வழியாகக் கண்மாயைப் பார்ப்பார்கள், ஆடு மேய்கிறதைப் பார்ப்பார்கள், இவர் கண் கம்பத்தை விட்டு இறங்காது. அதோ அந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது, இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியை எவனோ அறுத்துக் கொடி கட்டியிருக்கிறான். அதோ இன்சுலேட்டரில் வெடிப்பு. அதோ சீமைக்கருவேல் கிளை கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடுகிறது, ஆடிக்காற்றுக்கு நிச்சயம் பொறி பறக்கும். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் வேண்டியதில்லை, ஆனாலும் மனசுக்குள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வந்தார். ஒரு கம்பத்தில் ஆள் ஏறியிருந்தான். இடுப்புக் கயிறு போட்டிருக்கிறான், நல்லது. கீழே ஒருத்தன் நிற்கிறான், நல்லது. கம்பியில், தப்பிக் கரண்டு வந்தாலும் ஆளைக் காக்கிற எர்த் ராடு தொங்குகிறதா என்று தலையை வெளியே நீட்டிப் பார்ப்பதற்குள் பஸ் கடந்துவிட்டது. "பெருசு, தலைய உள்ள எடு" என்றார் கண்டக்டர். எடுத்துக்கொண்டார். எல்.சி. வாங்கியிருப்பான். வாங்காமல் ஏறுவானா? எல்.சி. என்றால் லைன் கிளியர். கம்பத்தில் ஏறுகிறவன் சப்-ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, இந்த லைனில் கரண்டை நிறுத்து, நான் ஏறுகிறேன் என்று வாங்குகிற அனுமதி. வேலை முடிந்து, ஆளும் சாமானும் இறங்கியபின், வாங்கினவனே வந்து திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி கரண்டு விடுவார்கள். அண்ணன் எடுத்ததைத் தம்பி திருப்ப முடியாது. அதிகாரி எடுத்ததைக்கூட இன்னொரு அதிகாரி திருப்ப முடியாது. எடுத்தவர்தான் திருப்ப வேண்டும். கம்பத்துக்காரனுக்கு வேதம், புராணம், மாரியம்மன் காப்பு எல்லாம் அந்த ஒரு வரிதான். நேற்று ராத்திரி சோறு போடும்போது தனபாக்கியம், "ஏங்க, இந்த வெயில்ல நீங்க எதுக்கு அலையணும்? ஒரு கவர்ல போட்டுக் கூரியர்ல அனுப்பிருவோம். இல்லேன்னா வர்ற மாசம் நான் போறப்பக் கொண்டு போறேன்" என்றாள். "நான் எடுத்தது. நான்தான் திருப்பணும்" என்றார். "ஆமா, இதுவும் ஒங்க எல்.சி.யாக்கும்" என்று அவள் ரசத்தை ஊற்றிவிட்டுப் போனாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவர் ரசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

எடுத்தது என்று சொல்வதே பூசி மெழுகுகிற பேச்சு, பிடுங்கியது. இரண்டரை வருஷம் ஆகிறது. மகள் சிவரஞ்சனி எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் முடித்து, ஒரு சோலார் கம்பெனியில் வேலை கிடைத்து, முதல் நாள் வேலைக்குப் புறப்பட்டு நின்ற காலை. வாசலில் கம்பெனி ஜீப் நிற்கிறது, உள்ளே கூட வேலை பார்க்கிற இரண்டு பேர். தனபாக்கியம் விபூதி பூசிவிட்டாள். இவர் பெருமையோடு பின்னாலேயே வந்தார், கம்பத்தில் ஏறினவன் மகள் கம்பத்துக்கெல்லாம் கணக்குப் போடுகிற அதிகாரி, சும்மாவா? அப்போது ரஞ்சனி ஷூ மாட்டக் குனிந்தாள். கழுத்திலிருந்து அது வெளியே வந்து தொங்கியது. வெயில் பட்டு மின்னியது. குறுக்குக் கை, நேர்த்தண்டு. அவருக்குப் பித்தளை வளையம் கண்ணில் படவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் இன்னொரு கழுத்தில் தொங்கிய சிலுவைதான் கண்ணில் பட்டது, கரிந்த தோலும் மயிர் பொசுங்கின நாற்றமும் அப்படியே மூக்கில் ஏறியது. கை அவரைக் கேட்கவில்லை. ஒரே இழுப்பு. பின்கழுத்தில் சங்கிலி அறுத்துக்கொண்டு வந்தது. "சூசை மாதிரி சாவணுமாடி? கழுத்துல சங்கிலி மாட்டிக்கிட்டுச் சாகுறதுக்கா ஒன்னையப் படிக்க வச்சேன்?" முதல் நாள், வாசல்படி, நல்ல நேரம் பார்த்துப் புறப்படுகிற பிள்ளை, சாவு என்கிற வார்த்தையைத் தேடிப் பிடித்துத் தலையில் போட்டார். அவள் அழவில்லை. பின்கழுத்தில் கையை வைத்து, விரலில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "அது சிலுவை இல்லப்பா. எகிப்துல உயிருக்குப் போடுற அடையாளம். மதுரப் பொருட்காட்சியில வாங்குனேன்" என்று மட்டும் சொன்னாள். உயிர். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினவள்தான். அம்மாவோடு வாராவாரம் பேசுகிறாள், தீபாவளிக்கு அம்மாவைத் தன் குவார்ட்டர்ஸுக்கு வரவழைத்துக்கொள்கிறாள், போனில் இவர் குரல் கேட்டால் லைன் செத்துப்போகிறது. அவள் மீது தப்பில்லை. பிடிவாதத்தில் அவருடைய மகள், வேறு எப்படி இருப்பாள்?

டாலர் அவர் கையிலேயே தங்கிவிட்டது. முதலில் டூல்ஸ் பெட்டியில், கட்டிங் பிளேயருக்கும் டெஸ்டருக்கும் நடுவில் போட்டு வைத்தார். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் செம்பும் வெள்ளியும் சேருகிற இடத்தில் பச்சை படிந்திருந்தது. அவருக்குத் தெரிந்த சமாச்சாரம்தான். இரண்டு வேறு வேறு உலோகத்தை நேராகச் சேர்த்தால், வியர்வையோ மழையோ பட்டால் போதும், சேர்ந்த இடத்தில் ஒன்றை ஒன்று தின்ன ஆரம்பிக்கும். லைனில் செம்பையும் அலுமினியத்தையும் சேர்க்க அதற்காகவே தனியாக ஒரு கிளாம்ப் உண்டு, அதைப் போடாமல் வெறுமனே முறுக்கிவிட்டு வருகிறவனைப் பிடித்து எத்தனை தரம் ஏசியிருக்கிறார். யாரும் பார்க்காத நேரத்தில் கிணற்றடிக்குப் போய்ச் செம்பையும் பித்தளையையும் புளி போட்டுத் தேய்த்தார். புளி வெள்ளியில் பட்டால் கறுக்கும் என்று தண்டுக்கு மட்டும் துணி சுற்றிக்கொண்டார். அப்புறம் துணியை அவிழ்த்து வெள்ளியை விபூதி வைத்துத் துடைத்தார். அன்றிலிருந்து மாதம் ஒரு தரம் இந்தப் பூசை. தனபாக்கியம் ஒருநாள் பார்த்துவிட்டு, "கொத்துமல்லி அரைக்கப் புளி தேடுனா டப்பா காலியா இருக்கு, இங்க அபிஷேகம் நடக்குதாக்கும்" என்றாள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அறுந்த சங்கிலியைப் பத்தரிடம் கொடுத்தபோது அவர், டாலரையும் காட்டச் சொல்லி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "மூணும் மூணு சூட்டுல உருகுறது. ஒருத்தன் பொறுமையா ஒக்காந்து பத்த வச்சிருக்கான். சூடு கொஞ்சம் கூடினா ஒண்ணு உருகி ஓடிரும்" என்றார். நாகசுந்தரம் கேட்டுக்கொண்டார். எவனோ முகம் தெரியாத ஒருத்தன் காட்டிய பொறுமையை, பெற்றவன் ஒரே இழுப்பில் அறுத்திருக்கிறான். அவ்வளவு நாளும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லையே, ஏன்? கொடுத்தால், அன்றைக்கு ஏன் பிடுங்கினேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் சூசையைச் சொல்ல வேண்டும். புளியும் விபூதியும் போட்டுத் தேய்க்கிறது சுலபமாக இருந்தது.

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று ஆள் ஏற்றியது. நடுவயசுப் பெண் ஒருத்தி மிளகாய் மூட்டையைக் காலடியில் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிளகாய் நெடியில் நாகசுந்தரம் இரண்டு தும்மல் போட்டார். மூச்சுக்காக மேல் பொத்தானைத் திறந்தார், டாலர் வெளியே எட்டிப் பார்த்தது. "அண்ணே வேதக்காரகளா?" என்றாள் அந்தப் பெண் சிநேகமாக. வேதக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர். "இல்லம்மா. எம் மக சாமான், கொண்டு போயிக் குடுக்கப் போறேன்." "ஓ, மக வேதத்துலயா?" "இல்லம்மா, இது எகிப்து. உயிர்னு அர்த்தம்." அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் தலையை ஆட்டிவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டாள். பொத்தானைப் போட்டுக்கொண்டார். எம் மக சாமான், கொண்டு போயிக் குடுக்கப் போறேன். வாய்விட்டு முதல் தடவையாகச் சொல்லியாயிற்று, நாக்கு ஒன்றும் வெந்துவிடவில்லை. அடுத்ததையும் சொல்லிப் பார்க்கலாமா? சூசையை நான்தான். இல்லை, இந்த அம்மாவிடம் எதற்கு. இறங்கிப் போய் மிளகாய் விற்கிறவள் தலையில் இதை ஏற்றுவானேன்.

போன வாரம் தனபாக்கியம் போனில் மகளோடு பேசிவிட்டு வந்து சொன்னாளே, அதிலிருந்துதான் தூக்கம் போனது. "ஒங்க மேல எம்புட்டுக் கோவம் இருந்தாலும் ஒங்க பேச்சத்தான் வேதவாக்கா வச்சிருக்கா. புதுசா வேலைக்கு வர்ற ஆளுகளுக்கெல்லாம் மொத நாளு அவதான் பாடம் எடுக்குறாளாம். சூசை அண்ணன் கதையச் சொல்லித்தான் ஆரம்பிப்பாளாம். கழுத்துச் சங்கிலி, மோதரம், தாயத்து, எல்லாத்தையும் கழட்டி ஒரு தட்டுல வைக்கச் சொல்லுவாளாம். அவளே அதுக்கப்புறம் கழுத்துல ஒண்ணும் போடுறதில்லையாம். அப்பா பிடுங்குனது தப்பு, ஆனா சொன்னது சரிங்கிறா." சொன்னவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள், அப்பனும் மகளும் ஒட்டிக்கொள்ள ஒரு நூல் கிடைத்துவிட்டது என்று. நாகசுந்தரம் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். சங்கிலி கழற்றுவது நல்ல பழக்கம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் சூசை சங்கிலியால் சாகவில்லை. சங்கிலியைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, இனி நமக்குச் சாவில்லை என்று நம்பி, எவனோ ஒருத்தன் கம்பத்தில் இருக்கும்போது இன்னொருத்தன் அவன் எல்.சி.யைத் திருப்பினால்? அந்தப் பாடத்தை எவன் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்? சொல்ல வேண்டியவன் புளி தேய்த்துக்கொண்டிருந்தான். பிடுங்கினதை அவள் மன்னிக்கவில்லை, பொய்யை மட்டும் நம்பிவிட்டாள். தலைகீழாக இருந்திருந்தால்கூடத் தேவலை.

இரண்டாயிரத்து இரண்டு, ஐப்பசி, புதன்கிழமை. நினைக்க வேண்டாம் என்று இருபத்து மூன்று வருஷம் தள்ளித் தள்ளி வைத்தும் அந்த நாள் ஒரு துணுக்குக்கூடத் தேயவில்லை. ஒரே லைனில் இரண்டு இடத்தில் வேலை. வடக்கே ரைஸ் மில் பக்கம் நாகசுந்தரம், தெற்கே கண்மாய்க்கரைக் கம்பத்தில் சூசைமாணிக்கம். சூசை அவருக்கு ஆறு வயது இளையவன், வயர்மேன், சிரித்தால் கடைவாய்ப் பல்வரை தெரியும். காலையில் சப்-ஸ்டேஷனில் எல்.சி. வாங்கிக் கையெழுத்துப் போட்டது சூசை. கம்பியைப் பூமியோடு சேர்த்துக் கட்டுகிற எர்த் ராடு அன்றைக்கு ஒரே ஒரு செட்தான், அதையும், நீ வச்சுக்கண்ணே, என்று இவரிடம் கொடுத்தவன் சூசை. மூன்று மணிக்கு இவர் வேலை முடிந்துவிட்டது. ராடைக் கழற்றி மில்லுக்கு வந்தார். மில்லில் நெல் அவிந்து கிடக்கிறது, பெல்ட்டு ஓடவில்லை, முதலாளி டீயும் உளுந்த வடையும் வாங்கி வைத்துக்கொண்டு, "நாகு நெனச்சாத்தான் கரண்டு வரும். அவர் கைராசி அப்பிடி" என்று பத்துப் பேர் முன்னால் சொல்கிறார். அந்த ஒரு வார்த்தைக்கு மனுஷன் குளிர்ந்துபோனார். வேறு காரணமே கிடையாது, வறுமை இல்லை, அவசரம் இல்லை, மேலதிகாரி மிரட்டவில்லை. பவுசு, வெறும் பவுசு. மில் வாசலில் நின்று தெற்கே பார்த்தார். கண்மாய்க்கரைக் கம்பத்தின் உச்சியை ஆலமரம் மறைத்திருந்தது. கம்பத்தடியில் எப்போதும் சாய்த்து வைத்திருக்கும் சூசையின் சைக்கிளைக் காணோம். இறங்கிப் போய்விட்டான் என்று எடுத்துக்கொண்டார். மில் போனிலிருந்து சப்-ஸ்டேஷனைக் கூப்பிட்டார். "சூசை எங்கய்யா?" என்றார் ஆப்பரேட்டர். "எறங்கிட்டான்யா. நான் சொல்றேன்ல, நாகு." "அப்ப சூசை பேர்லயே திருப்புனதா எழுதிக்கிறேன்." "எழுதிக்க." கரண்டு வந்தது. மில் பெல்ட்டு படபடவென்று ஓட, பத்துப் பேரும் ஹோ என்று கத்த, இவர் வடையைக் கடித்தார். மிளகு ஒன்று பல்லில் நசுங்கியது. அந்த மிளகு நசுங்கின நேரத்தில்தான் கண்மாய்க்கரையில் சூசை. சைக்கிளைப் பக்கத்து வயல் மோட்டார் ரூம்காரர் இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தார், டீ வாங்க, சூசைக்கும் சேர்த்து.

அப்புறம் நடந்ததில்தான் நாகசுந்தரம் இன்னும் கூனிக்குறுகுவார். தப்பு ஒரு நிமிஷத்தில் நடந்துவிடும், யாருக்கும் நடக்கும், ஆனால் பொய்க்கு யோசனை வேண்டும். இறக்கிப் போட்டபோது சூசையின் கழுத்தைச் சுற்றிச் சங்கிலித் தழும்பு கறுப்பாகப் பதிந்திருந்தது, சிலுவை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கூட்டத்தில் முதலில் வாயைத் திறந்தது இவர்தான். "சங்கிலி பட்டிருச்சுப்பா. எல்.சி.யத் திருப்பிட்டு, மறந்து வச்ச பிளேயர எடுக்க மறுபடி ஏறியிருக்கான். குனிஞ்சப்பச் சங்கிலி ஊஞ்சலாடிக் கம்பியில பட்டிருச்சு." எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை பேச்சு. சப்-ஸ்டேஷன் நோட்டிலும் சூசை பேர்தான் இருந்தது. ஆப்பரேட்டர் இவர் முகத்தைப் பார்த்தார், இவர் ஆப்பரேட்டர் முகத்தைப் பார்த்தார், அதோடு இரண்டு பேரும் வாயைத் தைத்துக்கொண்டார்கள், ஆப்பரேட்டரும் சில வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். விசாரணையில் தப்பு செத்தவன் தலையிலேயே எழுதப்பட்டது. அடக்கத்தன்று சூசையின் சம்சாரம் மரியபுஷ்பம், "அண்ணே, அந்தச் சங்கிலிய நான்தான் அவுகளுக்குப் போட்டுவிட்டேன், நானே கொன்னுட்டேனே" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். பிடித்த கையை விடுவித்துக்கொள்ளாமல் நின்றார், அவ்வளவுதான் செய்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்பார்கள், இவர் ஒரு ஆளையே மறைத்தார். அன்று ராத்திரி நாலு வயசு ரஞ்சனியை மடியில் வைத்துக்கொண்டு அதே கதையைச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல அது கெட்டிப்பட்டுப்போய், சில வருஷம் அவருக்கே நிஜம் மாதிரி இருந்தது. உளுந்த வடை மட்டும் அதற்குப் பிறகு தொண்டையில் இறங்கவில்லை. வாயுத் தொந்தரவு என்று தனபாக்கியம் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

டயர் பஞ்சர் ஆனால் நன்றாயிருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆகட்டுமே, பஞ்சரானால் நடந்து போகிறது, நடந்துதான் கம்பி இழுத்தோம் இந்த மாவட்டம் முழுக்க. அவள் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டால்? கேட்டில் உட்கார்ந்திருப்பது. ராத்திரி ஆனால்? உட்கார்ந்திருப்பது. கேட்டபின் ஒரேயடியாக, நீ என் அப்பனே இல்லை என்றால்? சொல்லட்டும். இரண்டரை வருஷமாகப் பொய்க்காரனிடம் கோபித்துக்கொண்டிருக்கிறாள், இனிமேல் நிஜக்காரனிடம் கோபித்துக்கொள்ளட்டும். உத்தியோகம் போகும் என்ற பயம் ஒருகாலத்தில் இருந்தது, இப்போது போவதற்கு என்ன இருக்கிறது, வழுக்கையும் மூட்டுவலியும்தான். ஆனாலும் உள்ளங்கை நனைந்து, மஞ்சப்பையின் காது பிசுபிசுத்தது. எப்படி ஆரம்பிப்பது? ரஞ்சி, ஒரு விஷயம். வேண்டாம், இழுவை. ரஞ்சி, சூசையக் கொன்னது நான்தான். சினிமா மாதிரி இருக்கிறது. எல்.சி. திருப்புகிறவன் எப்படிச் சொல்வான்? சுற்றி வளைக்க மாட்டான். எந்த லைன், யார் எடுத்தது, ஆள் இறங்கியாச்சா, நாலே வார்த்தை. அப்படித்தான் சொல்ல வேண்டும். வெளியே கருவேலங்காடு முடிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புக் கண்ணாடித் தகடுகள் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தன. மகளின் கம்பெனி வந்துவிட்டது, பஸ் நின்றது, பக்கத்துப் பெண் மூட்டையை ஒதுக்கி வழிவிட்டாள். "மகளக் கேட்டதாச் சொல்லுங்கண்ணே" என்றாள், பேர்கூடத் தெரியாத மகளை. "சொல்றேம்மா" என்று இறங்கினார்.

கேட்டில் காவலாளி பேரைக் கேட்டு உள்ளே போன் போட்டார். கால் மணி நேரம் வேப்பமர நிழலில் நின்றார். அவள் வந்தாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் கனத்த ஷூ, நடையில் இவருடைய அதே அவசரம். கழுத்து வெறுமையாக இருந்தது. ஓடி வந்தவள் நாலடி தூரத்தில் நின்று, மூச்சு வாங்க, "அம்மாவுக்கு என்ன?" என்றாள்.

"அம்மா நல்லா இருக்கா. நான்தான் வந்தேன்" என்றார். சட்டைக்குள் கையை விட்டுச் சங்கிலியைத் தலை வழியாகக் கழற்றினார். காதில் ஒருமுறை மாட்டி அப்புறம் வந்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள். புளி போட்ட செம்பு சிவந்து, விபூதி போட்ட வெள்ளி வெளுத்து, புதுசு மாதிரி இருந்தது. அவள் கை பாதி வந்தது. "இரு. மொதல்ல கேட்டுக்க. சூசை செத்த லைன்ல எல்.சி. எடுத்தது சூசை. திருப்புனது நான். ஆளு எறங்கல."

காவலாளியின் ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரஞ்சனி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அப்பாவைப் பார்க்கிற மகளின் முகம் கொஞ்ச நேரம்தான் இருந்தது, பிறகு அந்த முகம் இன்ஜினீயர் முகமாகிவிட்டது.

"எறங்கிட்டாரான்னு பாத்தீங்களா?"

"சைக்கிளப் பாத்தேன். சைக்கிள் இல்ல."

"எர்த்?"

"ஒரே ராடு. எங்கிட்ட இருந்துச்சு. கழட்டிட்டேன்."

"நோட்டுல?"

"சூசையே திருப்புனதா எழுதச் சொன்னேன்."

அவள் ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "சங்கிலி இல்லையாப்பா?" என்றாள், மடியில் உட்கார்ந்து கதை கேட்ட பிள்ளையின் குரலில்.

"சங்கிலி இல்லத்தா. சங்கிலி ஒண்ணும் செய்யல."

"அந்தக் கதைய எரநூறு பேருக்குச் சொல்லியிருக்கேன்." அவள் கண் நிறைந்துவிட்டது, துடைக்காமல் அப்படியே நின்றாள். "நாளைக்குக் காலையில மறுபடி எல்லாரையும் கூப்பிடணும். சரியாச் சொல்லணும். ஒங்க பேரச் சொல்லித்தான் சொல்லுவேன்."

"சொல்லு. முழுப் பேரையும் சொல்லு" என்றார். டாலரை மறுபடி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"சூசை மாமா வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அந்த அத்தை இன்னமும் தான் போட்ட சங்கிலின்னுதான நெனச்சுக்கிட்டு இருக்கும்?"

நாகசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை கம்பத்தை எண்ணிக்கொண்டு வந்தவர், அந்த ஒரு கம்பத்தை விட்டுவிட்டார். எல்லாவற்றையும் மகளிடம் இறக்கி வைத்துவிட்டால் போதும் என்று வந்திருக்கிறார். அவர் கழுத்துக்குச் சுலபமான வழி அது.

"அப்ப இத எங்கிட்டத் திருப்ப முடியாதுப்பா. எடுத்தவர்தான் திருப்பணும், எங்க எடுத்தாரோ அங்கதான் திருப்பணும். நீங்க மொதல்ல எடுத்தது அந்த அத்தைகிட்டருந்து. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்." சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்து சங்கிலியை எடுத்தாள். கொக்கியைக் கழற்றி, அவருக்குப் பின்னால் போய், அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டாள். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அவள் விரல் அவர் பின்கழுத்தில் பட்டது, எந்த இடத்தில் அவளுக்கு அறுத்தாரோ அதே இடத்தில். "மொதல்ல அங்க போயிட்டு வாங்க. அதுக்கப்புறம் வந்து குடுங்க. வாங்கிக்கிறேன்."

"ராத்திரி ஆயிரும்."

"ஆகட்டும். நான் முழிச்சிருக்கேன்."

மஞ்சப்பையிலிருந்து மாவடு பாட்டிலை எடுத்தார். அதை மட்டும் வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்து மறுபடி மூடினாள். "மானாமதுரைக்கு மூணு பத்துக்கு பஸ். அங்கருந்து சிவகங்கை போயி, காளையார்கோயிலுக்கு மாறணும். அத்தை வீடு தெரியுமுல்ல?"

"தெரியும்" என்றார். தெரியாமல் என்ன, இருபத்து மூன்று வருஷமாக அந்தத் தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போகிறவர்தானே. பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நிழலை விட்டு ரோட்டோரம் போய், பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றுகொண்டார். டாலர் சட்டைக்கு வெளியே வெயிலில் கிடந்து சுட்டது. மேல் பொத்தானைப் போடவில்லை.